நாலு ஞாயிறு, ஒரு தோண்டி: நான் சேர்ந்த பாடல் வகுப்பு

சித்தர் பாடல், தாலாட்டு, ஒப்பாரிக்கெல்லாம் பொருள் சொல்லித்தரும் இணையவழி வகுப்பு ஒன்றில் போன மாதம் சேர்ந்தேன். நாலு ஞாயிறு, ஒன்றரை மணி நேரம் வீதம், 600 ரூபாய். நடத்தியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நான் சேர்ந்தது ஒரே ஒரு பாட்டுக்காக.

நந்த வனத்திலோர் ஆண்டி - அவன்
நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டிக்
கொண்டுவந் தானொரு தோண்டி - மெத்தக்
கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத் தாண்டி

கடுவெளிச் சித்தர் பாடியது. எங்கள் கோவில்பட்டி வீட்டில் அது அம்மா பாத்திரம் விளக்கும்போது பாடுகிற பாட்டு, அவ்வளவுதான். தம்பி 26 வயதில் பைக் விபத்தில் போனான். துக்கம் கேட்க வந்த பெரியவர் ஒருவர், "போட்டுடைத்தாண்டி" என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். அது அம்மா காதில் விழுந்துவிட்டது. பதினோரு வருஷமாக அவள் அந்தப் பாட்டை எடுக்கவில்லை.

வழிவழியாகச் சொல்லும் பொருள் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஆண்டி உயிர், குயவன் படைத்தவன், தோண்டி உடம்பு. 'ஈரைந்து மாதம்' என்றால் பெருக்கிப் பத்து. 'நாலாறு' மட்டும் கூட்டிப் பத்து. கிடைத்தற்கரிய உடம்பை ஆட்டம் போட்டு வீணடித்தான் என்பது உரை. ஆசிரியர் இதைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு, "தத்துவம் இருக்கட்டும். தோண்டியை முதலில் கண்ணால் பாருங்கள்" என்றார். அங்கேதான் வகுப்பு எனக்குப் பிடித்துப்போனது.

தோண்டி தண்ணீர் இறைக்கிற சின்ன மண்பானை. நந்தவனம் சாமிக்குப் பூ வளர்க்கிற தோட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் செய்ததும் அந்தத் தொண்டுதானே. அப்படியானால் ஆண்டி பானை கேட்டது செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான். இத்தனை வருஷம் கேட்ட பாட்டில் செடி வாடிக்கொண்டிருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது வாரம்தான் உச்சம். சித்தர்கள் யாரைக் கூப்பிட்டுப் பாடுகிறார்கள் என்பதே அன்றைக்குப் பேச்சு. ஒருவர் பாம்பைக் கூப்பிடுகிறார், ஒருவர் குதம்பை என்ற காதணி போட்ட பெண்ணை, ஒருவர் மனசையே பேயாக்கி 'அகப்பேய்' என்கிறார். பிறகு நம் பாட்டின் கடைசிச் சொல்லைப் பிரித்துக் காட்டினார்: உடைத்தான் + அடி. ஒரு பெண்ணிடம் சொல்கிற பாட்டு! அதே சொல்லுக்குள் 'ஆண்டி' என்ற ஓசையும் கேட்கிறது. உடைந்த இடத்தில்தான் ஆண்டி திரும்பவும் வருகிறான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அன்று ராத்திரி அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். "அம்மா, அந்தப் பாட்டு நீ என்னை ஏட்டின்னு கூப்பிடற மாதிரி ஒரு பொம்பளைகிட்ட சொல்றதாம்." ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "வீணாக்கலட்டி அவன். பானை கெடச்ச சந்தோஷத்துல ஆடுனான்" என்றாள். "பத்து மாசம் வேண்டிக் கெடந்தது நான்லா."

அடுத்த வகுப்பில் இதைச் சொன்னேன். ஆசிரியர் கொஞ்சம் நிறுத்தி, "நான் பார்த்த உரை எதிலும் இது இல்லை அம்மா, எழுதிக்கொள்கிறேன்" என்றார். கற்றவர் வாயில் இந்தப் பேச்சு வருவதற்காகவே அவரிடம் படிக்கலாம்.

குறையும் உண்டு. நாலாவது வாரம் ஒப்பாரிக்கும் அதே தத்துவச் சட்டையை மாட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. மாரடித்து அழுகிறவள் 'பொறந்த வீட்டுச் சீரு' என்றால் அது பொறந்த வீட்டுச் சீர்தான், பேரின்பம் இல்லை. அவள் அண்ணன் செய்யாமல் விட்டதைச் சபை நடுவே சொல்ல அவளுக்கு அந்த ஒரு நேரம்தான் கிடைத்தது. அதையும் பிடுங்கிக்கொண்டு ஆன்மா, பரம்பொருள் என்றால் அவள் எங்கே போவாள்? தாலாட்டுக்கு அரைமணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவுகளும் சுமார்தான், இரைச்சலில் சொல் பிடிபடவில்லை.

ராகம் கற்க வருகிறவர்களுக்கு இது வேண்டாம், ஆசிரியர் பாடுவதில்லை, வாசிக்கிறார். வீட்டில் கேட்ட பாட்டு ஒன்று மனசில் முள்ளாகக் கிடந்தால் கட்டாயம் சேருங்கள். அடுத்த முறை ஒப்பாரிக்கென்று தனியாக நாலு வாரம் வைத்தால் நானே முதலில் பணம் கட்டுவேன்.

மூன்றாம் வாரப் பதிவை அம்மா போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். பாத்திரம் விளக்கும்போது போட்டுக்கொள்கிறாள். 'தோண்டி' வரைக்கும் கூடவே பாடுகிறாள். அடுத்த வரி வரும்போது குழாயைத் திறந்துவிடுகிறாள்.