ஃப்ரீ ஃபயர்: தரவரிசையில் தெரிவது திறமை மட்டும்தானா?

2017ஆம் ஆண்டு கரீனா நிறுவனம் வெளியிட்ட ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம், விலை குறைந்த கைபேசியிலும் ஓடுவதால், இலங்கையின் திருகோணமலையில் உவர்மலை முதல் நிலாவெளி வரை இளையோர் கூடும் இடமெங்கும் ஆடப்படுகிறது. காட்சியமைப்பிலும் ஒலியிலும் பெரிய குறையில்லை. யாருக்கு, எதற்காகப் பரிசு கிடைக்க வேண்டும் என்பதில் இந்த ஆட்டம் பிள்ளைகளின் மனத்தை எப்படிப் பழக்குகிறது என்பதே என் அக்கறை.

50 பேர் ஒரே விமானத்திலிருந்து வெறுங்கையுடன் குதித்து, கிடைத்த ஆயுதத்தை எடுத்துக்கொண்டு, சுருங்கிவரும் ஸோன் எனும் பாதுகாப்பு வட்டத்துக்குள் போராடுகின்றனர். இறுதிவரை நிற்பவர் ‘பூயா’ அடிக்கிறார், அதாவது வெல்கிறார். வசதியும் குடும்பப் பெயரும் கணக்கில் வராத இந்தத் தொடக்கமே ஆட்டத்தின் பெரிய கவர்ச்சி. தரவரிசையில் கோல்ட் நிலையிலிருந்து ஹீரோயிக் நிலை வரை ஏறியவர் அதை முழுவதும் தன் உழைப்பின் பயனென்று நம்புவதற்கும் அதுவே காரணம். ஆனால் அந்தக் கைகள் உண்மையில் வெறுமையானவை அல்ல. துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின்களில் பல, நிறத்தை மாற்றுவதோடு நில்லாமல், சுடும் வேகத்தையோ தாக்கும் வலுவையோ கூட்டுகின்றன. அவற்றுள் சிறந்தவை பெரும்பாலும் பணம் கொடுத்து வாங்கும் ஆட்ட நாணயமான டயமண்டைச் செலவழித்துச் சுழற்றும் குலுக்கலில்தான் வருகின்றன. பயிற்சி, பணம், அதிர்ஷ்டம் மூன்றும் கலந்த வெற்றி, தரவரிசையில் திறமையாக மட்டுமே பதிவாகிறது. இந்த மறைப்பை நான் கடுமையான குறையாகவே கருதுகிறேன்.

தோற்றவரை ‘நூப்’, அதாவது ஆடத் தெரியாதவர், என்று ஒதுக்கும் பழக்கமும் இதிலிருந்தே வளர்கிறது. அவர் பழைய கைபேசியில், பிங் எனும் தாமதம் எகிறும் இணைய இணைப்பில் ஆடினார் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டைப் பெறும் திருகோணமலையின் பிள்ளைகள், தொடக்கம் சமமாக இல்லாதபோது முடிவை மட்டும் வைத்துத் தகுதியை அளக்கலாகாது என்பதை மற்றெவரையும்விட நன்கு உணரக்கூடியவர்கள்.

உணரவும் செய்கிறார்கள் என்பதற்கு, ஆடுபவர்களே அமைத்துக்கொள்ளும் தனிப் போட்டி அறையான கஸ்டம் ரூம் சான்று. அறையை அமைப்பவர் துப்பாக்கிகளின் கூடுதல் பண்புகளை நிறுத்திவைக்கலாம். இங்குள்ள பிள்ளைகள் தமக்குள் போட்டி வைக்கும்போது ‘அட்ரிபியூட் ஓஃப்’ (கூடுதல் பண்பு நிறுத்தம்) என்பதை முதலிலேயே பேசி முடிவுசெய்கின்றனர். நிறுவனம் விற்கும் அனுகூலத்தைத் தாமாகவே விலக்கி, நேர்மையான போட்டியை அவர்கள் தேடுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. நிறுவனம் தரவரிசைப் போட்டிகள் எல்லாவற்றிலும் இதையே விதியாக்க வேண்டும்.

பணம் கட்டாமல், நண்பர்களோடு கஸ்டம் ரூமில் ஆடுவதற்கு இதனைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தரவரிசைக்காக டயமண்ட் வாங்கித் தரும்படி பிள்ளை கேட்டால், பெற்றோர் மறுப்பதோடு நிறுத்தாமல், அருகில் அமர்ந்து அந்த ஸ்கின்னின் விவரப் பக்கத்தைத் திறந்து, எது கூடுகிறது என்று சேர்ந்தே பார்க்க வேண்டும்.