கார்ட்னரா, ஏஇசியா, லேலண்டா? பழைய பிரிட்டிஷ் கோச்சுகளின் இன்ஜின் சண்டை

பழைய பிரிட்டிஷ் கோச்சுகளின் (நெடுந்தூர பஸ்களின்) படங்களைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பாடிதான். பிளாக்பூலில் பர்லிங்ஹாம் கட்டிய சீகல், ஹோவ் நகரில் ஹாரிங்டன் கட்டிய கவாலியர், ஸ்கார்பரோவில் பிளாக்ஸ்டன் கட்டிய பனோரமா என்று ஒவ்வொன்றும் ஒரு அழகு. ஆனால் இந்த வண்டிகளை ஓட்டியவர்கள், பழுது பார்த்தவர்கள், இன்றைக்கும் ஒன்றிரண்டைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் என்று நாலு பேர் கூடினால் பேச்சு பாடியோடு நிற்காது. வண்டித் தரைக்கு அடியில் கிடந்த டீசல் இன்ஜினுக்குப் போய்விடும். அங்கே போனதும் சண்டைதான்.

அதில் மூன்று கட்சிகள். மான்செஸ்டர் பக்கம் பாட்ரிக்ராஃப்டில் தயாரான கார்ட்னர் ஒன்று. லண்டனுக்கு மேற்கே சவுத்தாலில் தயாரான ஏஇசி இன்னொன்று. லங்காஷயரில் பிறந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்ட லேலண்ட் மூன்றாவது. கோமர் என்று ஒரு குட்டிக் கட்சியும் உண்டு. அது ஜெயிக்கப்போவதில்லை, ஆனாலும் அதைப் பற்றிப் பேசாமல் விட மனசு வராது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டவுன் பஸ்ஸுக்கும் லாரிக்கும் கார்ட்னரை அடிக்க ஆளில்லை. ஆனால் கோச் என்பது வேறு வேலை: நூற்றுக்கணக்கான மைல் தூரம், குறித்த நேரத்தில், உள்ளே இருப்பவர் தூங்கிக்கொண்டே போகும்படி ஓட வேண்டிய வண்டி. கார்ட்னரின் புகழில் பெரும்பங்கு டவுனிலும் லாரியிலும் சம்பாதித்தது. அதை அப்படியே தூக்கிக் கோச்சின் கணக்கில் வரவு வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பெயர்களில் இருக்கும் எண்கள் முதலில் குழப்பும். லேலண்டின் 600, 680, ஏஇசியின் 470, 590, 691 எல்லாம் கன அங்குலக் கணக்கு. 600 என்றால் 9.8 லிட்டர், 680 என்றால் 11.1 லிட்டர். ஏஇசி 470 ஏறக்குறைய 7.7 லிட்டர், 590 என்றால் 9.6, 691 என்றால் 11.3. கார்ட்னரில் எண் சிலிண்டரைக் குறிக்கும். 6 எல்டபிள்யூ, 6 எல்எக்ஸ் இரண்டும் ஆறு சிலிண்டர். முன்னது 8.4 லிட்டர், பின்னது 10.45 லிட்டர். நடுவில் எச் என்ற எழுத்து வந்தால் படுக்கை இன்ஜின்.

படுக்கை இன்ஜின் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1950 வாக்கில் பிரிட்டனில் கோச்சின் உருவமே மாறியது. அதுவரை மூக்குபோல முன்னால் நின்றிருந்த இன்ஜினைப் பக்கவாட்டில் சாய்த்து, சேசிஸின் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டத்தின்) நடுவில், தரைக்கு அடியில் போட்டார்கள். முன் சக்கரத்துக்கும் முன்னால் கதவு வந்தது, சீட்டுகள் கூடின, வண்டியின் முகம் தட்டையானது. பட்டறைக்காரர்களுக்குத்தான் கஷ்டம். பள்ளத்தில் இறங்கி அண்ணாந்து வேலை பார்க்க வேண்டும், ஒழுகும் எண்ணெயெல்லாம் சட்டைக்கு வரும்.

அடுத்த திருப்பம் 1959 நவம்பர் 2 அன்று வந்தது. எம்1 மோட்டார்வே என்ற அதிவேகச் சாலை திறக்கப்பட்ட நாள் அது. அப்போது அதில் வேகக் கட்டுப்பாடே கிடையாது. மணிக்கு 70 மைல் வரம்பு 1965 டிசம்பரில்தான் வந்தது. அந்த ஆறு வருடத்தில் கோச்சின் வேலை தலைகீழாக மாறிவிட்டது. அதற்கு முன் நல்ல கோச் இன்ஜின் என்றால் மேட்டில் திணறாமல் ஏறணும், டீசலை மிச்சம் பிடிக்கணும். எம்1 வந்த பிறகு மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடவும் வேண்டியிருந்தது. மூன்று இன்ஜின்களையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் நான் அளக்கிறேன்.

கார்ட்னர்

1931-ல் வந்த எல்டபிள்யூ வரிசைதான் கார்ட்னரின் பெயரை நிலைநாட்டியது. சிலிண்டருக்கு 4.25 அங்குல விட்டம், 6 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்). நீண்ட ஸ்ட்ரோக், குறைந்த சுற்று, அளந்து அளந்து டீசலைத் தெளிக்கும் பம்ப். 6 எல்டபிள்யூ நிமிடத்துக்கு 1,700 சுற்றில் 112 குதிரைத்திறன் கொடுத்தது. அதற்குமேல் போக, சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி விடாது. ஒவ்வொரு இன்ஜினையும் பார்த்துப் பார்த்துப் பொருத்தியதால் உற்பத்தி குறைவு, வாங்குகிறவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது. டீசல் செலவில் இதை நெருங்குவது மற்றவர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. சிலிண்டர்களின் அழுத்தத்தை விடுவிக்க லீவர்கள் உண்டு. அவற்றைத் தூக்கிவிட்டுக் கையாலேயே சுற்றி இன்ஜினைக் கிளப்பலாம். குளிர்காலக் காலையில் பேட்டரி படுத்துவிட்டால் இதன் அருமை தெரியும்.

சத்தமும் தனி. ஸ்லோவில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரையும் காதால் எண்ணிவிடலாம். பெரிய வீட்டுக் கூடத்துச் சுவர்க்கடிகாரம் மாதிரி அவசரமே இல்லாத நடை.

சிக்கலும் அந்த நிதானத்தில்தான். 1,700 சுற்றில் நின்றுவிடும் இன்ஜினை வைத்து மோட்டார்வேயில் 70 மைல் போகணும் என்றால் பின் ஆக்ஸிலின் கியர் விகிதத்தை மாற்ற வேண்டும். மாற்றினால் மேட்டில் இழுவை போய்விடும். 6 எல்டபிள்யூ போட்ட கோச்சில் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடிந்தது. 1958-ல் வந்த 6 எல்எக்ஸ் 150 குதிரைத்திறனோடு நிலைமையைச் சரிக்கட்டியது. 1967-ல் 6 எல்எக்ஸ்பி 1,850 சுற்றில் 180-ஐத் தொட்டது. இந்த 6 எல்எக்ஸ்பி இன்ஜினைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. ஆனால் அதற்குள் மற்ற இருவரும் எங்கோ போயிருந்தார்கள்.

பேசுகிறவர்கள் மறந்துவிடும் இன்னொரு சங்கதி: சாதாரணத் தனியார் கம்பெனிக்குக் கார்ட்னர் கோச் எளிதில் கிடைக்கவில்லை. கார்ட்னரை நன்றாகப் பயன்படுத்திய கோச் சேசிஸ் பிரிஸ்டல் கம்பெனியுடையது, எம்டபிள்யூவும் அப்புறம் ஆர்இயும். ஆனால் 1948 முதல் 1965 வரை பிரிஸ்டல் தன் வண்டிகளை அரசுடைமைக் கம்பெனிகளுக்கு மட்டும்தான் விற்க முடிந்தது. மற்றவர்களுக்கு கை (Guy) கம்பெனியின் ஆரப் போன்ற சில சேசிஸ்கள் இருந்தன, அவ்வளவுதான்.

கார்ட்னர் கட்சிக்கு உண்மையான வெற்றி ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஸ்காட்லாந்திலிருந்து லண்டனுக்கு ஓடிய இரவு சர்வீஸ்கள். எடின்பரோவிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் ஏறக்குறைய 400 மைல். அதற்காக ஸ்காட்டிஷ் பஸ் குரூப் 1960-களின் பிற்பகுதியில் பிரிஸ்டல் ஆர்இ சேசிஸில், பின்னால் கார்ட்னர் 6 எச்எல்எக்ஸ் போட்டு, அலெக்சாண்டர் எம் வகை பாடி கட்டி ஓட்டியது. சிறிய சாய்வான ஜன்னல்கள், உள்ளே டாய்லெட். இன்ஜின் பின்னால் இருந்ததால் பயணிக்குத் தூக்கம் கெடவில்லை. ராத்திரி முழுக்க ஒரே வேகம், அவசரம் இல்லை, டீசல் மிச்சம். கார்ட்னருக்காகவே வகுத்த வேலை மாதிரி இருந்தது.

ஏஇசி

ரிலையன்ஸ் என்ற சேசிஸ் (நம் ஊர் ரிலையன்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) 1953-ல் வந்து 1979 வரை ஓடியது. ஒரே பெயர், ஆனால் உள்ளே இரண்டு வேறு வண்டிகள் என்றே சொல்லலாம். இதைப் பிரித்துப் பார்க்காமல் ஏஇசியைத் திட்டுகிறவர்களும் தப்பு, புகழ்கிறவர்களும் தப்பு.

முதல் ரிலையன்ஸ் எடை குறைந்தது, ஓட்டுவதற்குச் சுகமானது. பெரும்பாலானவற்றில் 470 இன்ஜின். அதில் லைனர் (சிலிண்டரின் உள் உறை) ஈர வகை, அதாவது குளிர்விக்கும் நீர் லைனரையே தொட்டுக்கொண்டு ஓடும். கோட்பாட்டில் நல்லதுதான், சூடு சீக்கிரம் இறங்கும். நடைமுறையில் லைனர் உட்காரும் இடமும், சிலிண்டரின் மேல்மூடிக்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டும் தொல்லை கொடுத்தன. கேஸ்கெட் போனால் தண்ணீர் எண்ணெயோடு கலக்கும். ஓட்டுநர் கவனிக்காமல் மேட்டில் அழுத்தினால் வண்டி பாயில் ஆகி ஓரமாக நிற்கும். எம்6 மோட்டார்வே அந்தப் பகுதிக்கு வருவதற்கு முன், மேற்குப் பக்கமாக வடக்கே போகும் கோச்செல்லாம் ஏ6 சாலையில் ஷாப் என்ற மேட்டை ஏறித்தான் ஆக வேண்டும். 400 மீட்டருக்கு மேல் உயரம், குளிர்காலத்தில் பனி. அங்கே எந்த இன்ஜினின் உண்மையும் வெளிவந்துவிடும். பெரிய 590-உம் ஈர லைனர்தான், அதுவும் இதே குற்றச்சாட்டுக்கு ஆளானது.

பாடம் படித்துக்கொண்டு 1960-களின் நடுவில் ஏஇசி நீர் நேரடியாகத் தொடாத உலர் லைனருக்கு மாறியது. 505, 691 இரண்டும் அப்படி வந்தவை. இந்த 691-ஐ ரிலையன்ஸில் போட்டு, பக்கத்தில் ஜெர்மனியின் இசட்எஃப் ஆறு கியர் பெட்டியை வைத்தார்களே, அதுதான் என் கணக்கில் அந்தக் காலத்து பிரிட்டிஷ் கோச்சின் உச்சம். 11.3 லிட்டரின் இழுவை, மேட்டுக்கு ஒரு கியர், மோட்டார்வேக்கு ஒரு கியர். கார்ட்னர்காரர் இரண்டில் ஒன்று என்று தவித்தாரே, இங்கே இரண்டும் கிடைத்தன. சத்தத்திலும் எனக்கு இதுதான் முதல். சுற்று ஏற ஏறக் கியர்களின் மெல்லிய ரீங்காரம் மேலே ஏறும், கியர் மாறும்போது ஒரு படி இறங்கி மறுபடி ஏறும். ராச்டேலிலிருந்து டெவன் கடற்கரைக்கு ஆட்களை ஏற்றிப்போன யெல்லோவே கம்பெனி ரிலையன்ஸை விடாமல் வாங்கியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

துரதிர்ஷ்டம் என்னவென்றால், ஏஇசி தன் சிறந்த கோச்சைச் செய்யத் தொடங்குவதற்கு முன்பே 1962-ல் லேலண்டின் கைக்குப் போய்விட்டது. சவுத்தால் தொழிற்சாலை 1979-ல் மூடப்பட்டது. ரிலையன்ஸும் அதோடு முடிந்தது.

லேலண்ட்

லேலண்டைப் பற்றி உருகி எழுதுவது கஷ்டம். அதன் நல்ல குணமே தொந்தரவு செய்யாததுதான். 1950-ல் ராயல் டைகர், 600 இன்ஜினோடு: பலசாலி, ஆனால் எடை அதிகம். 1952-ல் டைகர் கப்: லேசானது, ஆனால் அதில் இருந்த 350 இன்ஜின் நெடுந்தூரத்துக்குச் சற்று பலம் குறைந்தது. 1959-ல் இரண்டுக்கும் நடுவே லெப்பர்டைக் கொண்டுவந்தார்கள். பெரிய 600 இன்ஜின், ராயல் டைகரைவிட எடை குறைந்த சேசிஸ். 1961-ல் பிரிட்டனில் 36 அடி நீளத்துக்கு அனுமதி கிடைத்ததும் நீள லெப்பர்ட் வந்தது, பிறகு 680 இன்ஜின். 1980-களின் தொடக்கம் வரை விற்றுக்கொண்டே இருந்தது.

உலர் லைனர், போதுமான பலம், எந்த ஊரிலும் உதிரிபாகம், எந்த மெக்கானிக்குக்கும் பழக்கம். கம்பெனி முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் லெப்பர்டைத் தவிர வேறு எதையும் வாங்கத் தோன்றாது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் கொஞ்சம் கனமான, உணர்ச்சி காட்டாத வண்டி. சத்தம் ஒரு தணிந்த உறுமல், நியூமோசைக்ளிக் கியர் பெட்டி (கிளட்ச் மிதி இல்லாத வகை) இருந்தால் கூடவே ஒரு ஊளை.

தமிழ் வாசகர்களுக்கு இந்த உறுமல் அந்நியமாக இருக்காது. சென்னையில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் லேலண்டின் காமெட் சேசிஸைப் பூட்டத் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 680 இன்ஜினும் எண்ணூர் வரை வந்தது. நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி தன் 11.6 லிட்டர் இன்ஜினை வளர்த்தெடுத்ததும் இதே 680-இலிருந்துதான். இலங்கைக்காரர்களோ ஏஇசி, லேலண்ட் இரண்டையுமே கேட்டு வளர்ந்தவர்கள். லண்டனில் ஓடி ஓய்ந்த ஆர்டி வகை மாடி பஸ்களை இலங்கைப் போக்குவரத்துச் சபை வாங்கி ஓட்டியது. ஏஇசி இன்ஜின் உள்ளதும் வந்தது, லேலண்ட் இன்ஜின் உள்ள ஆர்டிஎல்லும் வந்தது.

அப்புறம் அந்தக் கோமர்

டிஎஸ்3 என்று பெயர், 1954-ல் வந்தது. ரூட்ஸ் குழுமத்தின் தயாரிப்பு. மூன்றே சிலிண்டர், ஆனால் ஆறு பிஸ்டன். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து நடுவில் டீசலை நசுக்கும். டூ ஸ்ட்ரோக், ஹெட்டே கிடையாது, வால்வும் கிடையாது, கேஸ்கெட் போகும் கவலையும் இல்லை. காற்றை ஊதித் தள்ள ஒரு புளோயர். 3.26 லிட்டரில் 105 குதிரைத்திறன். 8.4 லிட்டர் கார்ட்னர் கொடுத்தது 112 என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். டார்ட்ஃபோர்டின் பீடில் கம்பெனி இதை வைத்துக் கோச் கட்டியது, சவுத்டவுன் பஸ் கம்பெனி வாங்கி ஓட்டியது. கோமரின் சொந்த அவெஞ்சர் சேசிஸிலும் இது வந்தது.

சத்தத்தைச் சொல்லி மாளாது. சைலன்சர் இருந்தும் ஒரு குரைப்பு, சின்ன உடம்பிலிருந்து பெரிய மிருகத்தின் குரல். ஒலிப்பதிவில் கேட்டாலே பிடித்துப்போகும். நாலு மணி நேரம் அதன்மேல் உட்கார்ந்து போகச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன்.

மிட்லண்ட் ரெட் என்ற பஸ் கம்பெனி இந்த மூன்று கட்சியிலும் சேரவில்லை. தன் கோச்சைத் தானே செய்து, தன் 8 லிட்டர் இன்ஜினுக்கு டர்போவும் போட்டு, எம்1 திறந்ததுமே பர்மிங்காமிலிருந்து லண்டனுக்கு 80 மைலுக்கு மேல் வேகத்தில் ஓட்டிக் காட்டியது. கார்ட்னர் குடும்பம் டர்போவைத் தள்ளியே வைத்திருந்த காலம் அது.

சரி, இன்றைக்கு ஒருவர் வாங்கிப் பாதுகாக்க நினைத்தால்? கைக்காசு போட்டுப் பழுது பார்க்கப்போகிறவருக்கு 680 போட்ட லெப்பர்ட். இரவெல்லாம் வாசலில் நின்றாலும் காலையில் கேட்டதும் கிளம்ப வேண்டும் என்றால் கார்ட்னர். ஆனால் அதற்குப் படகுக்காரர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும், பிரிட்டனில் பழைய கார்ட்னரைத் தேடி வாங்குவதில் அவர்கள் மும்முரம். 470 போட்ட ரிலையன்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் கேஸ்கெட்டின் பழைய ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எனக்கு ஒன்றே ஒன்று என்றால் 691-உம் இசட்எஃப்பும் போட்ட ரிலையன்ஸ், மேலே பிளாக்ஸ்டன் பாடி.