சாயவேர்: கால் கிலோ வேரும் ஒரு பருத்தித் துண்டும்

மதுரையில் இயற்கைச் சாயப் பொருட்கள் விற்கும் சிறிய கடை ஒன்றில் கால் கிலோ சாயவேர் வாங்கினேன். பொடியாக அல்ல, முழு வேராகவே தருகிறார்கள். முதலில் பாராட்ட வேண்டியது அதைத்தான். சென்ற ஆண்டு வேறோர் இடத்தில் வாங்கிய பொடி, பச்சைத் தண்ணீரில் போட்டவுடனே சிவப்பாகக் கரைந்தது. அசல் வேரின் சிவப்பு அத்தனை சுலபமாக வெளியே வராது.

நான் பாம்பனில் வளர்ந்தவள். மணலோடு மணலாகப் படர்ந்து, பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ பூக்கும் இம்பூறலை மிதித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனோம். அதன் வேர்தான் சாயவேர். செடி சிறியது; வேர்தான் நீளம். சாயம் அந்த வேரின் பட்டையில் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணப் பகுதியிலும் இதைத் தோண்டி எடுப்பதே ஒரு பிழைப்பாக இருந்தது. 1869-இல் செயற்கை அலிசரின் என்ற சிவப்புச் சாயம் வந்த பிறகு அந்தப் பிழைப்பு மெல்ல அழிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேரை நசுக்கிச் சுண்ணாம்பு தடவிப் பார்த்தேன். விரல் சிவந்தது. மனம் நிறைந்துவிட்டது.

வெள்ளைத் துண்டைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் காயவிட்டேன். கரையில் மட்டும் படிகாரக் கரைசலைத் தூரிகையால் தீட்டினேன். மறுநாள் துண்டை அலசி, இடித்த வேரோடு பானையில் போட்டுச் சிறுதீயில் வைத்தேன். இரண்டு மணி நேரம் அடுப்படியை விட்டு நகரவில்லை. படிகாரம் பட்ட இடம் மட்டும் செங்கல் சிவப்பாக எழுந்து வந்தது. மற்ற இடத்தில் லேசான பழுப்புதான். ஐந்து முறை துவைத்துவிட்டேன், கரை அப்படியே நிற்கிறது.

குறைகளும் உண்டு. பொட்டலத்தில் மணலும் காய்ந்த தண்டும் கலந்திருந்தன. சலித்தபோது ஒரு கைப்பிடி போனது. அதைவிட என்னை உறுத்துவது வேறு. வேரைப் பிடுங்கினால் செடியே போய்விடும். இது பயிரிட்டதா, கடற்கரையில் பிடுங்கியதா என்று கேட்டேன்; கடைக்காரரால் சொல்ல முடியவில்லை. விசாரித்துச் சொல்வதாக என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். பயிரிட்ட வேர்தான் என்று தெரிந்தால் பேத்தியின் பாவாடைத் துணிக்கு இன்னும் ஒரு கிலோ வாங்குவேன்.