யாயேசு எஃப்ஆர்ஜி-7: பழைய சிற்றலை ரேடியோவும் நான் செய்த மாற்றங்களும்

ஜப்பானின் யாயேசு நிறுவனம் 1970களில் தயாரித்து உலகெங்கும் விற்ற எஃப்ஆர்ஜி-7 சிற்றலை ரேடியோ, ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி அன்பர்களிடையே இன்றும் ‘ஃப்ராக் செவன்’ என்ற செல்லப்பெயருடன் புழங்குகிறது. ஏழு கிலோ எடையும் முன்முகத்திலேயே ஒலிபெருக்கியும் கைக்கு நிறைவான பெரிய குமிழ்களும் கொண்ட இந்தப் பெட்டியைச் சென்ற ஆண்டு சென்னையில் ஒருவரிடமிருந்து 16,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஐந்து மாதங்கள் கேட்டும் பிரித்தும் மாற்றியும் பார்த்த பிறகு எழுதுகிறேன். இதை வாங்க நினைப்பவர்களுக்கு எந்த மாற்றம் பயன் தரும், எது தராது என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை இப்போதுதான் வந்திருக்கிறது.

முதலில் ஓர் எச்சரிக்கை. விற்றவர், “நன்றாகப் பாடுகிறது, அப்படியே செருகிக் கேளுங்கள்” என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஏனோ மனம் ஒப்பாமல் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இதன் மின்மாற்றியில் 100 முதல் 234 வோல்ட் வரை பல இணைப்புகள் உண்டு. என் பெட்டியில் அது 117 வோல்ட்டில் பற்றவைக்கப்பட்டிருந்தது. விற்றவர் 12 வோல்ட் பேட்டரியில் மட்டுமே இயக்கியிருக்க வேண்டும். நம் 230 வோல்ட்டில் செருகியிருந்தால் மின்மாற்றி கருகியிருக்கும், அதற்கு மாற்றுக் கிடைப்பதும் எளிதல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த எந்தப் பழைய பெட்டியானாலும் மூடியைத் திறந்து இந்த ஓர் இணைப்பைக் கண்ணால் பார்க்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

இந்த ரேடியோவின் உயிர் அதன் வாட்லி சுற்றில் இருக்கிறது. தென்னாப்பிரிக்கப் பொறியாளர் டிரெவர் வாட்லி 1940களில் கண்டறிந்த இந்த முறைதான் பிரிட்டனின் புகழ்பெற்ற ரேக்கல் ஆர்ஏ-17 பெட்டியிலும் பயன்பட்டது. முதல் ஆசிலேட்டர் (உள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும் சுற்று) 55.5 முதல் 84.5 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் ஒரு சாதாரண ஆசிலேட்டர் நிலையாக நிற்காது. ஆனால் அதே ஆசிலேட்டரின் அலையை 1 மெகாஹெர்ட்ஸில் நிலையாக அதிரும் படிகத்தின் மடங்குகளோடு கலந்து 52.5 மெகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கி, அதையே அலைகளைக் கலந்து அதிர்வெண்ணை மாற்றும் இரண்டாவது கலப்பிக்குக் கொடுப்பதால், ஆசிலேட்டர் எந்தப் பக்கம் சற்று நகர்ந்தாலும் இரண்டு இடத்திலும் ஒரே அளவு நகர்ந்து, கழித்தலில் அந்தப் பிழை காணாமல் போகிறது. நுண்செயலியோ சின்தசைசரோ இல்லாமல் இதைச் சாதித்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை. கேட்பவர் செய்ய வேண்டியது, மெகாஹெர்ட்ஸ் குமிழைத் திருப்பி ‘லாக்’ விளக்கு அணையும் இடத்தில் நிறுத்துவதும், முன்தேர்வுக் குமிழில் ஒலி உச்சமாகும் இடத்தைப் பிடிப்பதும்தான்.

மாற்றம் எதுவும் செய்யாமல் மூன்று வாரம் கேட்டேன். உணர்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மொட்டைமாடியில் கட்டிய 15 மீட்டர் கம்பியில் சீனாவின் பிபிஎம் நேரச் சமிக்ஞை 10 மெகாஹெர்ட்ஸில் கடிகார ஒலி போலத் தெளிவாக வந்தது. குறை முழுவதும் பிரித்தெடுக்கும் திறனில் இருந்தது. ஒலிபரப்புக்கும், ஹாம் அன்பர்கள் பேசும் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறைக்கும் சேர்த்து, வேண்டிய அலையை மட்டும் விடும் ஃபில்டர் இதில் ஒன்றுதான். அதன் அகலம் 6 கிலோஹெர்ட்ஸ். மையத்திலிருந்து 7 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போன பிறகுதான் அது பக்கத்து அலையை 50 டெசிபல் அளவுக்குத் தணிக்கிறது. சிற்றலை நிலையங்களோ 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமர்ந்திருப்பவை. மாலை ஏழு மணிக்கு மேல் 41 மீட்டர் அலைவரிசையில் ஒரு மெல்லிய நிலையத்தைப் பிடித்தால், அடுத்த நிலையத்தின் குரல் கீச்சலோடு கலந்து வந்து பொறுமையைச் சோதித்தது.

எனவே உண்மையான வேலை ஃபில்டரில்தான். பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மாற்றியதும், கரகரத்த ஒலிக் குமிழுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் எந்தப் பழைய பெட்டிக்கும் செய்ய வேண்டிய பராமரிப்பு என்பதால் அவற்றை விரிக்கவில்லை. ஃபில்டருக்கு, 4 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள முராட்டா CFW455I பீங்கான் ஃபில்டரைத் தேர்ந்தெடுத்தேன். அசல் ஃபில்டரை அகற்றிவிடாமல், இரண்டையும் ஒரு சிறு துண்டுப் பலகையில் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டு சிறிய 12 வோல்ட் ரிலேக்களால் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள்) ஒன்றை உள்ளேயும் மற்றொன்றை வெளியேயும் மாற்றும்படி அமைத்தேன். உள்ளீட்டுக்கு ஒரு ரிலே, வெளியீட்டுக்கு ஒரு ரிலே எனத் தனித்தனியாக வைப்பது முக்கியம். முதல் முயற்சியில் இரண்டையும் ஒரே ரிலேயில் சேர்த்தபோது, அதன் முனைகளுக்கிடையே அலை கசிந்து ஃபில்டரைத் தாண்டிப் போனதால் எந்தப் பயனும் கிடைக்கவில்லை. இரண்டு ரிலேக்களுக்கும் நடுவே ஒரு செப்புத் தகட்டை நிறுத்தி அதைத் தரையோடு இணைத்த பிறகுதான் வித்தியாசம் காதில் விழுந்தது. முன்முகத்தில் துளையிட எனக்கு மனம் வரவில்லை. ஸ்விட்சைப் பின்பக்கம் வைத்துக்கொண்டேன். அதனால் கை சற்று நீள வேண்டியிருக்கிறது, ஆனால் பெட்டி தன் முகத்தோடு இருக்கிறது.

பலன், எதிர்பார்த்ததைவிட அதிகம். அதே 41 மீட்டரில் முன்பு இரண்டு குரலாகக் கேட்ட இடத்தில் ஒரே குரல் நிற்கிறது. நிலையத்தின் நேர்மையத்தில் வைத்தால் பேச்சு கொஞ்சம் மூடிக் கேட்கும். ஒரு கிலோஹெர்ட்ஸ் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தினால் எழுத்துகள் கூர்மையாகின்றன, நெருக்கும் நிலையம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கவும் வழி கிடைக்கிறது. இசைக்கு இந்த ஃபில்டர் ஒத்துவராது; அப்போது ஸ்விட்சைத் தட்டி அசலுக்குத் திரும்பிவிடுகிறேன். எஸ்எஸ்பியில் 7 மெகாஹெர்ட்ஸ் ஹாம் உரையாடல்களும், 11387 கிலோஹெர்ட்ஸில் மும்பை விமானநிலைய வானிலை அறிவிப்பும் இரைச்சல் குறைந்து வருகின்றன. புதிய ஃபில்டரின் மையம் அசலோடு துல்லியமாகப் பொருந்தாததால், குரல் இயல்பாக ஒலிக்க, எஸ்எஸ்பி பேச்சைப் புரியவைக்கும் துணை ஆசிலேட்டரான பிஎஃப்ஓவின் அதிர்வெண்ணைச் சற்றே திருத்த வேண்டியிருந்தது.

அடுத்தது, கேட்கும் அதிர்வெண்ணை எண்களில் காட்டும் எண்காட்டி. இதன் முள் அளவுகோலில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு கோடுதான். கிலோஹெர்ட்ஸ் குமிழ் திருப்பும் மூன்றாவது ஆசிலேட்டர் 2.455 முதல் 3.455 மெகாஹெர்ட்ஸ் வரை பின்னோக்கி ஓடுகிறது என்பதால், அதன் அலையைக் கிலோஹெர்ட்ஸில் எண்ணி, 3455-இலிருந்து கழித்தால் கேட்கும் இடத்தின் கிலோஹெர்ட்ஸ் நேரடியாகக் கிடைத்துவிடும். ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் எழுதுவதற்குச் சில வரிகள் போதும். ஆனால் ஆசிலேட்டரிலிருந்து நேராகக் கம்பி இழுத்தால் அதன் அதிர்வெண்ணே நகர்ந்துவிடும் என்பதால் இடையில் எஃப்இடி எனும் டிரான்சிஸ்டர் வகையால் ஆன ஓர் இடைநிலை கட்டாயம் வேண்டும். எண்காட்டியை முதலில் திறந்தபடியே பெட்டியின் மேல் வைத்தேன். அது கிளப்பிய இரைச்சலில் மெல்லிய நிலையங்கள் எல்லாம் மூழ்கிப்போயின. ஒரு தகர டப்பாவுக்குள் அடைத்து, மின்னிணைப்புக் கம்பியில் ஃபெரைட் வளையம் மாட்டிய பிறகே அமைதி திரும்பியது. இந்த எண்காட்டி மூலம் பார்த்ததில், சூடேறும் முதல் அரைமணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோஹெர்ட்ஸ் நகர்கிறது. பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சில நூறு ஹெர்ட்ஸ்தான்.

தீராத குறைகளும் உண்டு. முழு மெகாஹெர்ட்ஸ் எல்லைகளை ஒட்டிப் படிகத்தின் மடங்குகள் விசிலாக எட்டிப் பார்க்கின்றன. அது வாட்லி முறையின் பிறவிக்குணம். நகரத்தில் எல்இடி விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் கிளப்பும் இரைச்சலுக்கு எந்த ஃபில்டரும் மருந்தல்ல. நான் இப்போது மின்சாரத்தை விட்டு 12 வோல்ட் பேட்டரியிலேயே கேட்கிறேன், அதற்கே இரைச்சல் கணிசமாகக் குறைந்தது. பெட்டிக்குள் எட்டுப் பெரிய டார்ச் செல் போட்டும் இயக்கலாம்.

பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30 அன்று சிற்றலையில் விடைபெற்ற பிறகு இனி என்ன கேட்பது என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் பெட்டி உகந்ததல்ல. செய்தியும் பாட்டும் மட்டும் வேண்டுமெனில் இவ்வளவு பணம் போட வேண்டியதில்லை. சாலிடரிங் தெரிந்து, ஓர் அலையைத் தேடி இரவில் ஒரு மணி நேரம் செலவிட மனமுள்ளவர், முந்தைய உரிமையாளர் கை வைக்காத பெட்டியாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஃபில்டர், ரிலே, எண்காட்டி எல்லாம் சேர்த்து எனக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. பணம் குறைவென்றால் எண்காட்டியைத் தள்ளிவையுங்கள், ஃபில்டரைத் தள்ளிவைக்காதீர்கள்.