அம்மி, ஈயச்சொம்பு, பல்லாங்குழி எல்லாம் பல வருஷமா புழங்குன அனுபவம்

பழைய சாமான் வாங்கலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன். எங்க வீட்ல இருக்குறதுல பாதி பாட்டி வீட்டு பரண்ல இருந்து இறங்குனது, மீதி பழைய பாத்திரக்கடைகள்ல தேடித்தேடி வாங்குனது. எதுவும் ஷோகேஸ்ல இல்ல, எல்லாமே அடுப்படில புழக்கத்துல இருக்கு. சென்னைல மூணாவது மாடி ஃப்ளாட், பால்கனி சின்னது, வெயில் காலைல மட்டும்தான் எட்டிப்பாக்கும், இத முதல்லயே சொல்லிடுறேன் ஏன்னா இந்த சாமான்ல பலதும் தரையும் வெயிலும் முற்றமும் இருந்த வீட்டுக்காக செஞ்சது.

முதல்ல அம்மி. நான் வெச்சிருக்குறதுலயே அதிகமா உழைக்கிறது இதுதான், விட்டுக்கொடுக்க மனசே வராததும் இதுதான். மிக்ஸி இல்லாம இல்ல, சட்னிக்கு மிக்ஸிதான். ஆனா துவையல், மீன் குழம்பு மசாலா, பருப்புப்பொடி இதுக்கெல்லாம் அம்மிதான், வேற பேச்சே இல்ல. மிக்ஸி பிளேடு வெட்டும், வேகத்துல சூடும் ஏறிடும், தண்ணி ஊத்தலைன்னா துவையல் சரியா சுத்தாது. அம்மி நசுக்கும், தண்ணி தெளிச்சாலே போதும். துவையல் அரைக்கும்போது முதல்ல வரமிளகாயும் கல்லுப்பும், உப்பு இருந்தாதான் மிளகாய்த்தோல் வழுக்காம பிடிபடும். அது மசிஞ்சதும் புளி, அப்புறம் தேங்காய், கடைசியா பூண்டையோ சின்ன வெங்காயத்தையோ வெச்சு ஒரே நசுக்கு. ஆரம்பத்துல கரகரன்னு கேக்குற சத்தம் அரைபட அரைபட அடங்கிக்கிட்டே வரும், குழவி லேசா ஒட்டி இழுக்க ஆரம்பிக்கும், அப்ப நிறுத்திடணும், பாக்கவே வேணாம் கைக்கே தெரிஞ்சுரும். உள்ளங்கை ஓரத்தால வழிச்சு எடுத்துட்டு அம்மி கழுவுன தண்ணிய குழம்புல ஊத்திடுவேன், பாட்டி அத கீழ விடவே விடமாட்டாங்க, அந்தத் தண்ணிலதான் ருசியே இருக்கும்பாங்க, நானும் இன்னிக்கு வரைக்கும் விட்டதில்ல.

குறைன்னா வெயிட்டுதான். ஒரு தடவ வெச்ச இடத்துல இருந்து நகத்த முடியாது, அதனால எங்க வைக்கிறதுன்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க. சமையல் மேடைல வெச்சு நின்னுக்கிட்டு அரைச்சா தோள்பட்டை பிடிச்சுக்கும், தரைல மணை போட்டு உக்காந்து அரைச்சா உடம்போட பாரமே குழவிய தள்ளும். அடில பழைய சாக்கு மடிச்சுப் போட்டா கீழ் வீட்டுக்கு சத்தம் போகாது.

இன்னொரு விஷயம் உண்டு, அதுதான் பெரிய விஷயம். தினமும் அரைச்சா கல்லு மழமழன்னு ஆயிடும், குழவி சறுக்கும், மிளகாய் திப்பித்திப்பியா நிக்கும். அப்ப அம்மி கொத்தணும். நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போது "அம்மி கொத்தலையோ அம்மீ... ஆட்டுக்கல் கொத்தலையோ"ன்னு தெருவுல குரல் கேக்கும், உளியும் சுத்தியலும் போட்ட ஒரு பையோட ஒருத்தர் வருவாரு, தெரு பொம்பளைங்க எல்லாம் அன்னிக்கே கொத்தி முடிச்சுக்குவாங்க. இப்ப அந்த ஆளுங்கள எங்க போய் தேடுறது? எனக்கு கடைசியா கிடைச்சது பக்கத்துல கட்டட வேலை நடந்த இடத்துல கல்லு செதுக்கிட்டு இருந்த ஒரு பெரியவர்தான். "அம்மியா, எவ்ளோ வருஷமாச்சும்மா அம்மி கொத்தி"ன்னு சொல்லிட்டு ஆசையா வந்தாரு. ஓரத்துல ஆரம்பிச்சு வரிசை வரிசையா சின்னச்சின்ன புள்ளியா கொத்திக்கிட்டே போனாரு, ஒரு புள்ளி மேல இன்னொரு புள்ளி விழல. கொத்துன கையோட மசாலா அரைச்சுடாதீங்க, கல்லுப்பொடி கலந்துரும். தவிடோ ஊறுன அரிசியோ போட்டு அரைச்சு அரைச்சு கொட்டணும், கொட்டுறது வெள்ளையா வந்து, விரல்ல தேய்ச்சா நறநறன்னு இல்லாத வரைக்கும்.

இத இவ்ளோ நீட்டி சொல்றதுக்கு காரணம் இருக்கு. இத்தன வருஷத்துல நான் பாத்த வரைக்கும் பழைய சாமான் எதுவும் தானா கெட்டுப்போகல, அத சரி பண்றவங்கதான் தெருவுக்கு வராம போயிட்டாங்க. அவங்க இல்லாததாலதான் நல்ல அம்மியெல்லாம் வாசப்படில துணி தொவைக்கிற கல்லா கிடக்குது. அதனால எது வாங்குறதா இருந்தாலும் இத சரி பண்ண ஆள் கிடைப்பாங்களா, இல்ல நானே பண்ணிக்க முடியுமான்னு கேட்டுட்டு வாங்குங்க.

ஆட்டுக்கல் ஃப்ளாட்டுக்கு வேண்டாம், மனசார சொல்றேன். அது ரெண்டு பேர் வேலை, ஒருத்தர் சுத்தணும் ஒருத்தர் மாவ தள்ளி விடணும். கோயமுத்தூர் கிரைண்டர் அந்த வேலைய முழுசா எடுத்துக்கிச்சு, அதுவும் கல்லுலதான் அரைக்குது, ஆட்டுக்கல்லுல குழவி சுத்தும் இதுல உரலே சுத்துது, அவ்ளோதான். அந்த ஊர் கிரைண்டருக்கு புவிசார் குறியீடு கூட இருக்கு. நான் ஆட்டுக்கல்ல ஊருக்கே அனுப்பிட்டேன், அங்க பெரியம்மா தீபாவளிக்கு முந்தின நாள் உளுந்து அரைக்கிறாங்க.

அடுத்து ஈயச்சொம்பு. ரசத்துக்கு இதுக்கு ஈடு இல்லைங்கறவங்கள்ல நானும் ஒருத்தி. ஆனா பயந்து பயந்து புழங்க வேண்டிய சாமானும் இதுதான். இந்தச் சொம்பு செய்யுற வெள்ளீயம், அதாவது டின், 232 டிகிரி செல்சியஸ்லயே உருகிடும், வெறும் சொம்ப அடுப்புல வெச்சீங்கன்னா கண்ணு முன்னாடியே அடி கழண்டு ஊத்திடும். புளித்தண்ணி ஊத்திட்டுதான் அடுப்புல ஏத்தணும், தீ சின்னதா இருக்கணும், சொம்போட பக்கத்துல ஏறவே கூடாது. தண்ணி உள்ள இருக்குற வரைக்கும் அந்தச் சூடு வராது, அதனாலதான் தாங்குது. பருப்புத்தண்ணி விட்டு மேல நுரை கட்டி வரும்போது இறக்கிடுவேன், கொதிக்க விட்டா ரசமும் கெட்டுப்போகும். தாளிக்கிறது தனிக்கரண்டில. கம்பி நார் போட்டு தேய்க்காதீங்க, சாம்பலும் விரலும் போதும்.

வாங்கும்போது இது ரொம்ப முக்கியம், வெள்ளீயமான்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. காரீயம், அதாவது லெட், உடம்புக்கு விஷம், அதுலயும் புளிப்பு பட்டா இறங்கும். காரீயத்த வெள்ளைப் பேப்பர்ல இழுத்தா பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழும். கோடு விழலைன்னா கலப்படமே இல்லைன்னு அர்த்தம் கிடையாது, அதனால பேரு தெரிஞ்ச, பில்லு தர்ற கடைல வாங்குங்க, சந்தேகம்னா விட்டுருங்க. எங்க வீட்டுது கும்பகோணத்துல வாங்குனது, அடில ஒரு நெளிவு விழுந்துருச்சு, ஒழுகல, ஓடிக்கிட்டு இருக்கு.

பித்தளை அடுக்கும் உருளியும் வேற கதை. பித்தளைல புளி, மோர், தக்காளி பட்டா களிம்பு ஏறும், அதனால உள்ள ஈயம் பூசித்தான் ஆகணும். ஈயம் பூசுறத நீங்க பாத்திருந்தா மறக்கவே மாட்டீங்க. தரைல ஒரு குழி, கரி, துருத்தி. பாத்திரத்த சூடு பண்ணி நவச்சாரத்தூள தூவுவாங்க, வெள்ளையா குபுகுபுன்னு புகை வரும், மூக்குல சுருக்குன்னு ஏறும். ஈயக்குச்சிய ஒரு தொடு தொட்டுட்டு பஞ்சால ஒரு சுத்து சுத்துவாங்க, அவ்ளோதான், மஞ்சளா இருந்த பாத்திரம் உள்ள பூராவும் வெள்ளி மாதிரி ஓடும். அப்புறம் தண்ணில முக்குனா சொய்ங்ங்... பசங்க எல்லாரும் சுத்தி நிப்போம், துருத்தி அமுக்க போட்டி நடக்கும். இப்ப நான் ஒரு கடைல குடுத்து பூசுனது சீக்கிரமே கறுத்து அடி தெரிய ஆரம்பிச்சிருச்சு, ரொம்ப மெல்லிசா பூசியிருக்காங்க. அதுல இருந்து உருளிய சர்க்கரைப்பொங்கலுக்கும் பாயசத்துக்கும் மட்டும் எடுக்குறேன், புளிப்பு பக்கம் விடுறதில்ல. ஈயம் பூசுற ஆள் உங்க ஊர்ல இருந்தா பித்தளை வாங்குங்க, இல்லைன்னா அழகா இருக்குன்னு வாங்காதீங்க.

இரும்பு தோசைக்கல்லுக்கு யாரும் வேணாம், நம்ம கையே போதும். கல்ல பழக்குறதுன்னு சொல்லுவோம்ல, அதான் மொத்த சூட்சுமமும். கழுவுன தண்ணிய சூடு பண்ணியே வத்த விட்டு எண்ணெய் தடவி வெச்சா துரு வராது. சப்பாத்தி அதே கல்லுல போடாதீங்க, அடுத்த நாள் தோசை ஒட்டும். மண்பானையும் அதே மாதிரி சுலபம்தான், ஆனா அதுக்கு ஆயுசு உண்டு. கசியுற தண்ணி காத்துல ஆவியா போறதாலதான் உள்ள குளிருது, நம்ம தண்ணில இருக்குற உப்பு அந்தத் துவாரத்த எல்லாம் அடைச்சிடும், ரெண்டு மூணு கோடை ஆனதும் குளிர்ச்சி குறையும். தேங்கா நாரால வெளிப்பக்கம் அழுத்தித் தேய்ச்சு வெயில்ல காய வெச்சா கொஞ்சம் திரும்பும். சோப்பு போடவே கூடாது.

முறத்தப் பத்தி சொல்லணும். கடைல பாக்கெட் அரிசி வந்ததுல இருந்து முறம் தேவையே இல்லைன்னு நெனைக்கிறாங்க, ஆனா ஊர்ல இருந்து வர்ற கம்பும் உளுந்தும் முறம் இல்லாம சுத்தம் ஆகாது. புடைக்கிறது வேற, கொழிக்கிறது வேற, நாவுறது வேற. மேல தூக்கித் தட்டி உமிய பறக்க விடணும், பக்கவாட்டுல அசைச்சு கல்லையும் குருணையையும் தனியா பிரிக்கணும், ஒவ்வொண்ணுக்கும் கை போற போக்கே மாறும். எனக்கு புடைக்க வரும், நாவுறது இன்னும் அம்மா அளவுக்கு வரல. மூங்கில் இடுக்குல சாமான் ஒழுகாம இருக்க வெந்தயத்தையும் பழைய பேப்பரையும் ஊற வெச்சு அரைச்சு மெழுகணும், வருஷத்துக்கு ஒரு தடவ நானே பண்ணிடுறேன்.

அரிசி அளக்குற ஆழாக்கும் உழக்கும் படியும் கூட புழக்கத்துல இருக்கு. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படி, இப்படி இரட்டை இரட்டையா போறதால பாதியாக்குறதும் ரெட்டிப்பாக்குறதும் ரொம்ப ஈஸி. லிட்டரும் கிலோவும் சட்டமா வந்தது 1956ல, எங்க வீட்ல அரிசி இன்னும் ஆழாக்குலதான் அளக்குறோம். "தலை தட்டி அளக்காத, கோபுரமா அள"ன்னு பாட்டி சொல்லுவாங்க, விருந்தாளி வந்தா கோபுரமாதான் அளக்கணும்.

விளையாட்டு சாமானுக்கு வர்றேன். பல்லாங்குழி மடக்கு கட்டை, பதினாலு குழி, கீல் மட்டும் ஒரு தடவ மாத்துனேன். சோழி, புளியங்கொட்டை ரெண்டும் போட்டு ஆடிப்பாத்துட்டேன், எனக்கு புளியங்கொட்டைதான், விரல்ல இருந்து ஒண்ணொண்ணா நழுவுற மாதிரி சோழி நழுவாது. அண்ணன் பொண்ணு லீவுக்கு வரும்போது ஆடுவோம். குழிக்கு அஞ்சு, ஒண்ணொண்ணா போட்டுக்கிட்டே போகணும், காலிக்குழி வந்தா அத வழிச்சு அடுத்த குழில இருக்குறத அள்ளிக்கலாம், நம்ம பக்கம் எந்தக் குழில நாலு சேர்ந்தாலும் அது பசு, நமக்கு. முதல்ல எல்லாம் கண்ணுக்குத் தெரிஞ்ச குழில இருந்து எடுப்பா, போகப்போக பாத்தா கைய குழி மேல வெச்சுக்கிட்டு உதடு அசையாம எண்ணுறா, எந்தக் குழில எடுத்தா எங்க போய் முடியும்னு. "அத்தை, பசு! அது எனக்கு, நீங்க எடுக்காதீங்க"ன்னு கத்துன கத்துல எங்கம்மா அடுப்படில இருந்து ஓடி வந்தாங்க.

தாயக்கட்டையும் பித்தளைதான், உள்ளங்கைல உருட்டும்போதே சிலுசிலுன்னு இருக்கும். தாயம், அதாவது ஒண்ணு, விழுந்தாதான் காய் இறங்கும், ஒண்ணு, அஞ்சு, ஆறு, பன்னெண்டு விழுந்தா திரும்ப போடலாம். ஆனா இந்த சாமான் எல்லாத்துக்கும் எதிர்ல ஒருத்தர் உக்காரணும், அதுதான் இதுக்கு சர்வீஸ். வருஷம் பூரா பரண்ல கிடந்தா கட்டைக்கு ஒண்ணும் ஆகாது, ஆட்டம்தான் மறந்துரும். சுத்துற பம்பரத்த சாட்டையால தூக்கிப் பிடிக்கிற அப்பீட் எடுக்கவும், அடுத்தவன் பம்பரத்த குத்துற ஆக்கர் வைக்கவும் சொல்லிக்குடுக்க எங்க ப்ளாக்ல ஒரே ஒரு தாத்தாதான் இருக்காரு, பசங்க அவர விடுறதே இல்ல. ஓடிப்பிடிக்கிற ஆட்டத்துக்கு நடுவுல விரல தூக்கி நிறுத்தச் சொன்னா யாரும் தொடக்கூடாதுங்கறதும், குட்டிப்பசங்கள ஒப்புக்குச் சப்பாணியா சேத்துக்கறதும் இவங்களுக்கு அவர் சொல்லித்தான் தெரிஞ்சுது. இப்ப நாலு வயசு வாண்டு ஒண்ணு அவுட்டே ஆகாம எல்லா ஆட்டத்துலயும் ஓடிக்கிட்டு இருக்கான்.

பழைய அம்மி வாங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். நடுவுல குழிஞ்சிருக்கான்னு ஒரு நேரான ஸ்கேல குறுக்க வெச்சுப் பாருங்க, லேசா குழிஞ்சிருந்தா பரவால்ல, ஆழமா இருந்தா குழவி ரெண்டு ஓரத்துல மட்டும்தான் படும், எவ்ளோ கொத்துனாலும் அரைபடாது. குழவியும் அதே கல்லோட ஜோடியா இருந்தா நல்லது. உங்க ஊர்ப்பக்கம் அம்மி கொத்துறவங்க, ஈயம் பூசுறவங்க இன்னும் வேலை பாக்குறாங்கன்னா ஊர் பேர மட்டும் சொல்லுங்க, நான் உருளிய தூக்கிக்கிட்டு வர ரெடி.