தண்ணீர்கூட கொடுக்காத முதியோர் இல்லத்துக்கு 1,50,000 ரூபாய்: கோவைப் பக்கம் இடம் தேடுகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கோவைக்கு வெளியே, படுக்கையில் இருப்பவர்களையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் ஒரு தனியார் முதியோர் இல்லம். டெபாசிட் 1,50,000 ரூபாய். அம்மா இப்போது ஐசியூவில். ரத்தத்தில் சோடியம் 158, இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை. உடம்பில் தண்ணீரே இல்லை, அதனால்தான் சோடியம் ஏறிவிட்டது என்கிறார் டாக்டர்.

இடத்தைச் சுற்றிக் காட்டியபோது அந்த மேனேஜரம்மா ஒரு தாத்தாவை நிமிர்த்தி உட்காரவைத்து, மடக்கு மடக்காகத் தண்ணீர் புகட்டினார். கட்டிலுக்குக் கட்டில் சார்ட், 2 மணி நேரத்துக்கு ஒரு டிக். அதைப் பார்த்துத்தான் நம்பினோம், அன்றைக்கே 1,50,000 ரூபாய் கட்டினோம்.

போன வாரம் போனால் அம்மாவின் நாக்கு வறண்டு வெடித்துக் கிடக்கிறது, என்னை யாரென்று தெரியவில்லை. மணி மதியம் 3, சார்ட்டில் இரவு 10 வரைக்கும் டிக் போட்டாகிவிட்டது! ஜக் நிறையத் தண்ணீர் இருந்தது, அம்மா கைக்கு எட்டாத அலமாரி மேல். அங்கே வேலை செய்யும் ஒரு அக்கா மெதுவாகச் சொன்னார், தண்ணீர் கொடுத்தால் டயபர் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்குமாம்.

மேனேஜரம்மாவைக் கேட்டால், "வயசானா குழப்பம் வரத்தான் செய்யும் சார்." விடாமல் கேட்டதும், "அவங்க கேட்டா குடுப்போம், கேட்கவே இல்லையே." வயதாக ஆகத் தாகம் தெரிவது குறையும், சிறுநீரகமும் முன்போலத் தண்ணீரைப் பிடித்துவைக்காது, அம்மா பிரஷருக்கு நீர் மாத்திரை (சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும் மாத்திரை) வேறு சாப்பிடுகிறார். கேட்க முடியாதவர்களுக்குக் கேட்காமலே கொடுக்கத்தானே மாதாமாதம் பணம் வாங்குகிறீர்கள்? டெபாசிட்டைக் கேட்டால் ஹெட் ஆபீஸ் என்கிறார்கள், ஹெட் ஆபீஸைக் கேட்டால் பிராஞ்ச் என்கிறார்கள், இப்போது என் போனையே எடுப்பதில்லை. 1,50,000 ரூபாய் அப்படியே நிற்கிறது.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுகிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் இல்லாமல் நடுவில் போங்கள். சார்ட்டை நம்பாதீர்கள், நாக்கைப் பாருங்கள், சிறுநீர் அடர்மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். திடீரென்று உளறினால் வயசு என்று விடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெபாசிட் எப்போது திரும்ப வரும் என்பதை எழுதி வாங்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். முதியோர் உதவி எண் 14567, நான் புகார் கொடுத்துவிட்டேன்.