பழைய திங்க்பேட் டி480: எஃப்1 தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

சென்னை ரிச்சி தெருவில் பழைய திங்க்பேட் லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? பணத்தை நீட்டுவதற்கு முன் மெஷினை ஆன் செய்து, லெனோவோ லோகோ வந்ததும் எஃப்1 தட்டுங்கள். விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸின் செட்டிங்ஸ் திரை திறக்கும். பாஸ்வேர்டு கேட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். டெஸ்க்டாப் மாதிரி போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அந்தத் திரையைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இதில் அழியாது. மதர்போர்டை மாற்றச் சொல்வதுதான் லெனோவோவின் பதில். இவை பெரும்பாலும் ஆபீஸ்கள் கழித்துவிட்ட மெஷின்கள், அதனால் இந்தப் பூட்டு சிலவற்றில் அப்படியே இருக்கும்.

நான் வாங்கியது 2018இல் வந்த டி480. தொழில் டிடிபி, கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் என்று நாள் முழுக்க கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி. திங்க்பேடிலோ இடது ஓரத்தில் எஃப்என் பட்டன் உட்கார்ந்திருக்கிறது, கன்ட்ரோல் அதற்கு அடுத்தது. சுண்டுவிரல் கேட்குமா? பயாஸில் கான்ஃபிக், அதற்குள் கீபோர்டு/மவுஸ், அங்கே இரண்டையும் இடம் மாற்றும் வசதி உண்டு. எனேபிள் செய்து எஃப்10 தட்டினால் வேலை முடிந்தது. விண்டோஸ், லினக்ஸ் எதைப் போட்டாலும் அப்படியே இருக்கும். பட்டன் மேல் எழுத்து மட்டும் மாறாது. வேறு யாராவது வந்து உட்கார்ந்தால் திணறுவார்கள், எனக்கு அதுவும் சௌகரியம்தான்.

இன்னொன்றும் பிடித்தது. இதில் உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றுகிற மாதிரி ஒன்று. ராம் போட அடிமூடியைத் திறக்கும் முன், பயாஸின் பவர் பகுதியில் உள் பேட்டரியை நிறுத்திவிடலாம். அப்புறம் சார்ஜரைச் செருகினால் தானாக உயிர் வந்துவிடும்.

குறை என்றால் விளக்கம்தான். பயாஸ் திரையில் வலப்பக்கம் வரும் குறிப்புகள், ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டும் புரிகிற ஆங்கிலம். சிஎஸ்எம் என்பது பழைய பாணி பயாஸ் முறையில் பூட் ஆக (துவங்க) வேண்டியவற்றுக்கு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். பென் டிரைவில் இருந்து ஒருமுறை பூட் செய்ய, எதிலிருந்து முதலில் துவங்குவது என்ற பூட் ஆர்டரையே தொட வேண்டாம், எஃப்12 போதும். நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட் (Secure Boot) அமைப்பில் கைவைப்பதானால் முதலில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கருக்கான 48 இலக்க ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

குழப்பிவிட்டால் எஃப்9 பயாஸ் செட்டிங்ஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும். கன்ட்ரோல் பட்டனையும் சேர்த்துத்தான்.